சாவித்திரிபாய் புலே: கருவுற்ற கைம்பெண்களுக்குத் தம் வீட்டில் இடம் தந்தவர்

சாவித்திரிபாய் புலே (1831–1897) இந்தியப் பெண் கல்வியின் முன்னோடி என்பதைப் பலரும் அறிவர். அவர் தம் வீட்டு வளாகத்தில் கருவுற்ற பெண்களுக்கென ஓர் உறைவிடத்தையும் நடத்தினார் என்பது அந்த அளவுக்கு அறியப்படாத செய்தி. மகப்பேறு நலத்தில் பணிபுரியும் எங்களைப் போன்றோர்க்கு அவருடைய வாழ்வின் இப்பகுதியே மிகுதியும் பயன் தருவது. தங்க இடமில்லாத கர்ப்பிணிக்கு உணவு, மருத்துவக் கவனிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றோடு சேர்த்து வழங்கப்படும் இருப்பிடத்தை இன்று ஆதரவுடன் கூடிய உறைவிடம் என்கிறோம். அத்தகைய ஓர் இல்லம் 1863-ஆம் ஆண்டிலேயே புனே நகரில் இயங்கியது. அதை நடத்தியவரின் வாழ்க்கையையும், அந்த இல்லம் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியாமற்போனது என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

பிறப்பும் கல்வியும்

சாவித்திரிபாய் இன்றைய மகாராஷ்டிர மாநிலம் சாதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831 ஜனவரி 3 அன்று பிறந்தார். தந்தை கண்டோஜி நேவசே, ஊர்த் தலைமைக்குரிய பாட்டீல் குடும்பத்தவர். 1840-இல், ஒன்பது வயதில், புனேயைச் சேர்ந்த ஜோதிராவ் புலேக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். மணமகனுக்கு அப்போது 13 வயது. பூ வணிகம் செய்துவந்த மாலி சமூகக் குடும்பம் அவருடையது. புலே என்னும் குடும்பப் பெயரும் பூவிலிருந்து வந்ததே.

ஜோதிராவ் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். அவரை வளர்த்தவர் சகுணாபாய் என்னும் உறவினர்; இளமையிலேயே கணவரை இழந்தவர். பிற்காலத்தில் இத்தம்பதியர் கைம்பெண்களுக்காக எடுத்துக்கொண்ட முயற்சிகளைப் படிக்கும்போது, அந்த வீட்டில் முதலில் தாயின் இடத்தில் இருந்தவரே ஒரு கைம்பெண் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

திருமணமானபோது சாவித்திரிபாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரே அவருக்கு எழுத்தறிவித்தார். பின்னர் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, 1848-இல் புனேயின் பீடே வாடா என்னும் கட்டடத்தில் தொடங்கப்பட்ட பெண்கள் பள்ளியில் அவர் ஆசிரியராகப் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது 17. பெண்ணொருத்தி தெருவில் நடந்து சென்று பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதை அந்நகரத்தின் ஆசாரவாதிகள் பொறுக்கவில்லை. எதிர்ப்பு வீட்டுக்குள்ளும் வந்தது. சமூகத்தாரின் நெருக்குதலுக்கு அஞ்சிய ஜோதிராவின் தந்தை, ஒன்று பள்ளியை விடவேண்டும், அல்லது வீட்டை விடவேண்டும் என்றார். 1849-இல் தம்பதியர் வீட்டை விட்டு வெளியேறினர்.

பதினெட்டு வயதில், நம்பி வந்த புகுந்த வீடு இனி இல்லை என்ற நிலையைச் சாவித்திரிபாய் நேரில் அறிந்தார். அவருக்கு உடன் நின்ற கணவர் இருந்தார், நண்பர்கள் இருந்தனர். இவை எதுவும் இல்லாமல், வயிற்றில் கருவோடு, அதே நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்களை அவர் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தம் வீட்டு வாசலில் சந்திக்கவிருந்தார்.

அக்காலக் கைம்பெண்களின் நிலை

மேற்சாதிக் குடும்பங்களில் சிறுமியரை வயது முதிர்ந்தோர்க்கு மணம் செய்து கொடுப்பது அன்று வழக்கம். கணவர் இறந்தால், பருவம் எய்தாத சிறுமியும் கைம்பெண் ஆவாள். தலையை மழித்து, அணிகளை நீக்கி, ஒரு வேளை உணவோடு, வீட்டின் பின்கட்டில் வேலைக்காரியைப்போல் வாழ வேண்டியதுதான். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-இலேயே ஏற்றுக்கொண்டது, குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வாறு வாழ்ந்த பெண்கள் உறவினராலும் அண்டை வீட்டாராலும் பாலியல் சுரண்டலுக்கு ஆளாயினர். கருத்தரித்தால் பழி முழுதும் பெண்ணின் மேலேயே விழுந்தது.

கருவுற்ற கைம்பெண்ணுக்கு எஞ்சியிருந்த வழிகள் மிகச் சில. கருவைக் கலைக்க முயலலாம். 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியிருந்தது, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அக்குற்றத்துக்கு உரியவளே. பிள்ளை பெற்று அதைக் கொன்று மறைக்கலாம். அது கொலைக் குற்றம். கண்காணா இடத்துக்குப் போகலாம். போகுமிடம் பெரும்பாலும் யாத்திரைத் தலமாகவோ, தெருவாகவோ இருந்தது. இல்லையேல் கிணறு.

புலே தம்பதியரை இச்செயலுக்குத் தூண்டிய நிகழ்ச்சியை ஜோதிராவ் 1884 டிசம்பரில் எழுதிய ஒரு குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். குழந்தைத் திருமணம், கட்டாயக் கைம்மை ஆகியவை குறித்து பேராம்ஜி மலபாரி கருத்துக் கேட்டபோது அனுப்பிய மறுமொழி அது. காசிபாய் என்னும் இளம் பிராமணக் கைம்பெண், ஜோதிராவின் நண்பர் ஒருவர் வீட்டில் சமையல் வேலை செய்துவந்தார். அண்டையிலிருந்த சாஸ்திரி ஒருவரால் கருவுற்றார். கருவைக் கலைக்கப் பல நச்சு மருந்துகளை உட்கொண்டும் பயனில்லை. ஆண் குழந்தை பிறந்தது. அச்சத்தில் அதைக் கொன்று வீட்டின் பின்புறக் கிணற்றில் போட்டார். இரண்டு நாளில் பிடிபட்டார். புனே செசன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவராக அக்குறிப்பு சொல்வது அப்பெண் ஒருவரைத்தான்.

1863: கஞ்ச் பேட்டை இல்லம்

இந்த நிகழ்ச்சிக்குப் பின் புலே தம்பதியர் புனே கஞ்ச் பேட்டையில் தம் வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஓர் இல்லத்தைத் தொடங்கினர். அதன் பெயர் பாலஹத்யா பிரதிபந்தக் கிருஹம்; சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் என்பது பொருள். அப்போது சாவித்திரிபாய்க்கு 32 வயது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெருஞ்செல்வமும் இல்லை; தம் செலவுகளுக்கே வருவாய் போதாத நிலையில்தான் இதைத் தொடங்க நேர்ந்தது என்று ஜோதிராவ் குறித்திருக்கிறார்.

இல்லத்தைப் பற்றி அச்சிட்ட அறிவிப்புகளைப் பிராமணர்கள் வாழ்ந்த தெருக்களின் முனைகளில் சுவரில் ஒட்டினர். தேவைப்படும் பெண்கள் யாரும் அறியாமல் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெறலாம். பெற்ற பிள்ளையை உடன் எடுத்துச் செல்வதும் இல்லத்திலேயே விட்டுச் செல்வதும் தாயின் விருப்பம். விட்டுச் செல்லும் பிள்ளையை இல்லம் வளர்க்கும் என்பதே அதன் சாரம்.

இதில் ஒரு மருத்துவ அலுவலராக என் கவனத்தை ஈர்ப்பது அறிவிப்பு ஒட்டப்பட்ட இடம். பின்கட்டில் அடைபட்ட பெண்ணுக்குச் செய்தி சென்று சேர வேண்டுமானால் அவள் தண்ணீர் எடுக்கப் போகும் தெருவில்தான் அது இருக்க வேண்டும். கைம்பெண்களில் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். ஆனால் தெருமுனையில் ஒட்டிய தாளைப் பற்றி ஊர் பேசும், அந்தப் பேச்சு அவள் காதில் விழும். நலத்திட்ட அறிவிப்புகளை அலுவலகச் சுவரிலேயே ஒட்டிவிட்டு, பயனாளிகள் வரவில்லை என்று குறைப்படும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை.

அன்றாடம் அந்த வீட்டை நடத்திய பொறுப்பு பெரிதும் சாவித்திரிபாயுடையது. ஜோதிராவ் ஒப்பந்தப் பணிகளிலும் எழுத்திலும் பொதுவாழ்விலும் ஈடுபட்டவர். பிள்ளைப்பேற்றின்போது ஆண்கள் அருகில் செல்லாத காலம் அது. வந்த பெண்ணுக்கு உணவிடுவது, பேற்றுக்கு வேண்டியதைச் செய்வது, பிறந்த சிசுவைப் பார்த்துக்கொள்வது, ஊரின் ஏச்சுக்கு முகம் கொடுப்பது எல்லாம் வீட்டிலிருந்த பெண்ணின் கையில் இருந்தன. அவர் மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ அல்லர்.

சாதி வரிசையில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட மாலி குடும்பத்தின் வீட்டுக்குப் பிராமணப் பெண்கள் வந்து தங்கினர். அங்கு உண்பதே அன்று அவர்களைச் சாதியிலிருந்து விலக்கப் போதுமான செயல். எத்தனை வாசல்கள் அடைபட்டிருந்தால் ஒரு பெண் அந்த வாசலுக்கு வந்திருப்பாள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

முப்பத்தைந்து பேறுகள், ஐந்து குழந்தைகள்

இல்லத்தின் செயல்பாட்டைப் பற்றி ஜோதிராவ் தந்துள்ள எண்ணிக்கை, புகழுரைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தொடக்கம் முதல் 1884 வரை 35 கருவுற்ற கைம்பெண்கள் வந்து அங்குப் பிள்ளை பெற்றனர். அக்குழந்தைகளுள் 5 உயிருடன் இருந்தன, 30 இறந்தன. கருவை மறைக்கும் நோக்கில் தாய்மார் உட்கொண்ட நச்சு மருந்துகள் வயிற்றிலிருக்கும்போதே குழந்தைகளுக்கு இழைத்த கேடுதான் காரணம் என்று அவர் எழுதியிருக்கிறார்.

ஏழு குழந்தைகளில் ஆறு இறந்துள்ளன. அன்றைய பொதுவான சிசு இறப்பு மிக உயர்ந்தது என்றாலும் இது அதனினும் மிகக் கொடியது. இத்தனை இறப்புகளைத் தம் பெயரில் நடந்த இல்லத்தின் கணக்கில் ஒளிக்காமல் எழுதியதற்காகவே ஜோதிராவை நான் மதிக்கிறேன்.

நஞ்சு என்ற அவர் விளக்கம் மருத்துவ நோக்கில் ஏற்கத்தக்கதே. கருவைக் கலைக்கும் எண்ணத்துடன் உட்கொள்ளப்படும் நச்சுப் பொருள்கள் தாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கும். கருப்பையை முறையின்றிச் சுருங்கச் செய்து குறைமாதப் பேற்றை உண்டாக்கும். ஆயினும் நஞ்சு ஒன்றே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வேளை உணவில் வாழ்ந்த பெண்ணுக்குக் குருதிச்சோகை இருந்திருக்கும். வயிறு வெளியில் தெரியாதிருக்க இறுகக் கட்டியிருப்பார். மாதக்கணக்கில் அச்சத்தோடும் உறக்கமின்மையோடும் இருந்திருப்பார். எடை குறைந்து பிறந்த சிசுவைக் காக்கும் வழிகள் அன்று மிகக் குறைவு. தொப்புள்கொடி வழியே நேரும் தொற்றுக்கும் மருந்தில்லை.

இவை அனைத்தும் இல்லத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்தவை என்பதுதான் இங்குக் கவனிக்க வேண்டியது. அந்த வீடு தாய்மார்க்கு உயிரும் மானமும் தந்தது. சிறையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் காத்தது. குழந்தைகளைக் காக்க, பெண்கள் இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே வந்திருக்க வேண்டும். அப்போது அவர்கள் இன்னும் நம்பிக்கையோடு மருந்துகளை விழுங்கிக்கொண்டிருந்தனர். மருந்து கைவிட்ட பிறகே வீட்டை நாடினர். ஏறத்தாழ இருபத்தோராண்டுகளில் 35 பேர் என்றால் ஆண்டுக்கு இருவர்கூட இல்லை. புனே போன்ற நகரில் தேவை அவ்வளவுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வர முடிந்தவர்கள் அவ்வளவே.

இன்றைய மகப்பேறு சேவையில் இதன் பொருள்

கர்ப்ப காலக் கவனிப்பு முழுவதும் ஒரு முகவரியை நம்பி அமைந்திருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே வீட்டு விலாசம் கேட்கப்படுகிறது. குறைந்தது நான்கு பரிசோதனைகள், குருதிச்சோகைக்கான ஆய்வு, இரத்த அழுத்த அளவீடு, சிறுநீர்ச் சோதனை, ரண ஜன்னித் தடுப்பூசி, 180 நாள் உட்கொள்ள வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அந்த விலாசத்தை ஒட்டியே நடைபெறுகின்றன. பேற்றுக்குப் பின்பும் 42-ஆம் நாள் வரை சிசுவைப் பார்க்கக் களப்பணியாளர் வீட்டுக்குத்தான் செல்வார். வீடு மாறிக்கொண்டே இருக்கும் பெண், அல்லது வீடே இல்லாத பெண், இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் நழுவி விடுகிறார். நிலையான இருப்பிடமில்லாத கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பேறும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறப்பதும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் இரவுப் பணியின்போது வந்தார். கையிலிருந்த தாய் சேய் நல அட்டையில் மூன்று விலாசங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து எழுதப்பட்டிருந்தன. கணவர் வீடு, அக்காள் வீடு, வேலை செய்யுமிடத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை. கிராம சுகாதாரச் செவிலியர் இருமுறை தேடிப் போய்த் திரும்பியிருந்தார். அட்டையின் ஓரத்தில் ஆள் இல்லை என்ற குறிப்பு இருந்தது. இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. அவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன். தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் அட்டையைப் பார்த்தவுடன் நான் முதலில் நினைத்தது, இவர் பரிசோதனைக்கு ஒழுங்காக வராதவர் என்பதே. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது வெகுநேரம் கழித்துத்தான். அன்று முதல், முதல் பரிசோதனையிலேயே மூன்று கேள்விகளைக் கேட்கிறேன்: இப்போது எங்கே இருக்கிறீர்கள், பிள்ளை பெறும் வரை அங்கே இருக்க முடியுமா, பெற்ற பின் எங்கே போவீர்கள். மருந்துச் சீட்டு எழுதும் நேரத்துக்குள் கேட்டுவிடலாம். உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் விடை வேறாக இருப்பதும் உண்டு.

சாவித்திரிபாயின் காலத்தில் இல்லாத சில வழிகள் இன்று சட்டத்தில் இருக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 கூட்டாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவரைச் சட்ட நடைமுறையின்றி வெளியேற்றக் கூடாது. இதற்குப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். மகளிர் உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. அதன் வழியாகவோ நேரிலோ ஒருங்கிணைந்த சேவை மையத்தை நாடினால் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, சட்ட உதவி கிடைக்கும். அங்குத் தங்குவது சில நாள்களுக்கே ஆதலால், நெடுநாள் தங்க வேண்டியவர்கள் சக்தி சதன் இல்லங்களுக்கு அனுப்பப்படுகின்றனர்.

கர்ப்பத்தைத் தொடர விரும்பாதவர்கள் மறைவாக எதையும் உட்கொள்ள வேண்டிய தேவை இல்லை. மருத்துவ முறையில் கருவுறுதலை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தின்படி 20 வாரம் வரை ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் கருத்தின் பேரிலும், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் இது செய்யப்படலாம். கர்ப்ப காலத்தில் கணவரை இழந்த பெண்கள் அந்தச் சில நிலைகளில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனர். 1863-இல் புனேயின் பின்கட்டுகளில் இருந்தவர்களை எண்ணும்போது, இந்தச் சிறு விதியை என்னால் சாதாரணமாகக் கடந்து செல்ல முடிவதில்லை. பெண்ணின் பெயரையும் விவரத்தையும் வெளியிடுவது தண்டனைக்குரியது.

பிள்ளையைப் பெற்று வளர்க்க இயலாத தாய், குழந்தைகள் நலக் குழுவின் முன் அதை ஒப்படைக்கலாம். முடிவை மறுபரிசீலனை செய்ய இளைஞர் நீதிச் சட்டம், 2015 இரண்டு மாத காலம் அளிக்கிறது. எடுத்துச் செல்வதா விட்டுச் செல்வதா என்பதைத் தாயிடமே விட்ட கஞ்ச் பேட்டை இல்லத்தின் ஏற்பாட்டுக்கு இது நெருங்கியது.

யஷ்வந்த்

இல்லத்துக்கு வந்த பெண்களுள் காசிபாய் என்றே பெயர் கொண்ட மற்றொரு பிராமணக் கைம்பெண்ணும் இருந்தார். அவர் பெற்ற ஆண் குழந்தையைப் புலே தம்பதியர் 1874-இல் தத்தெடுத்துக்கொண்டனர். யஷ்வந்த் என்று பெயரிட்டு, படிக்க வைத்து, மருத்துவராக்கினர். உறவினர் சிலருக்கு இது உவப்பாக இல்லை.

தத்தெடுப்புக்கு முந்தைய ஆண்டில் ஜோதிராவ் சத்திய சோதக் சமாஜம் என்னும் சீர்திருத்த அமைப்பை நிறுவியிருந்தார். சாவித்திரிபாய் அதன் பெண்கள் பகுதியில் முன்னின்றார். அவ்வமைப்பின் முறைப்படி, புரோகிதர் இன்றி, 1889-இல் யஷ்வந்துக்குத் திருமணம் நடந்தது. மணமகள் சமாஜத்தைச் சேர்ந்த ஞானோபா சசானே என்பவரின் மகள்.

அடுத்த ஆண்டு, 1890 நவம்பர் 28 அன்று, ஜோதிராவ் காலமானார். இறுதிச் சடங்கில் கொள்ளிச் சட்டியை ஏந்திச் செல்லும் உரிமை தத்துப் பிள்ளைக்கு இல்லை என உறவினர் வாதிட்டனர். சாவித்திரிபாய் தாமே முன்வந்து சட்டியை ஏந்தி நடந்தார். கைம்பெண்களை மூலையில் ஒடுக்கிய நகரத்தில், கைம்பெண்ணான முதல் நாளிலேயே ஊர்வலத்தின் முன்னால் சென்றார். 1893-இல் சாஸ்வடில் கூடிய சமாஜ மாநாட்டுக்குத் தலைமையும் வகித்தார்.

கருவுற்ற கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட சிசுக்களுக்கும் 1875-இல் பண்டரிபுரத்திலும் ஓர் இல்லம் தோன்றியது. பின்னர் பண்டித ரமாபாயின் சாரதா சதன் 1889-இல் மும்பையிலும், கார்வேயின் கைம்பெண்கள் இல்லம் 1896-இல் புனேயிலும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டின் நோக்கம் முதன்மையாகக் கல்வி.

பிளேக்

1896-இல் மும்பைக்கு வந்த பிளேக் நோய் அடுத்த சில மாதங்களில் புனேயையும் பற்றியது. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் மனிதருக்குப் பரவும் நுண்ணுயிரி நோய் இது. நெறிக்கட்டி, கடும் காய்ச்சல், தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். உரிய நேரத்தில் எதிர்உயிரி மருந்து கொடுத்தால் இன்று குணப்படுத்தலாம். அன்று அத்தகைய மருந்து எதுவும் இல்லை.

படைப் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றிய யஷ்வந்தைச் சாவித்திரிபாய் புனேக்கு அழைத்தார். நகருக்கு வெளியே, ஹடப்சர் பகுதியில் சசானே குடும்பத்தின் தோட்ட நிலத்தில், திறந்த வெளியில் மருத்துவமனை அமைக்கப்பட்டது. 66 வயதான அவர் நோயாளிகளைத் தேடிச் சென்று அங்குக் கொண்டுவரும் பணியை மேற்கொண்டார். முண்ட்வாவுக்கு அருகில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்ததும், அவனைத் தம் தோளில் சுமந்துகொண்டு மகனின் மருத்துவமனைக்கு நடந்தார். அப்பணியின்போதே நோய் அவரைத் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இரவு காலமானார். மருத்துவமனையை நடத்திய யஷ்வந்த், முப்பத்தைந்துக்கு ஐந்தாகப் பிழைத்த அந்த இல்லத்தில் பிறந்தவர்.

கஞ்ச் பேட்டை இன்று மகாத்மா புலே பேட்டை என அழைக்கப்படுகிறது. அவர்கள் வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்பட்டு, பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கிறது.